எல்லாத் துறையும் வீட்டுப்பாடம் தருகிறது. எதை விடுவது?

முகில்தாய்

வணக்கம். இதுவரை வாசித்துவிட்டுப் போய்விடுவேன், இன்று கேட்க வேண்டியிருக்கிறது.

மகனுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. 27ஆம் வாரத்தில் பிறந்தவன். கை கால் நான்கிலும் இறுக்கம். பெருமூளை வாதம், ஜி.எம்.எஃப்.சி.எஸ். 5 என்று ஃபைலில் இருக்கிறது, அதாவது அசைவுத் திறனை 1 முதல் 5 வரை பிரிக்கும் அளவில் மிகக் கடுமையான நிலை. தலை நிற்காது. கைக்குழந்தையில் வந்த வலிப்பு அடங்கி இப்போது வேறு மாதிரி வருகிறது, இரண்டு மருந்து ஓடுகிறது. கண்ணில் கோளாறு இல்லை, பார்ப்பதை மூளை வாங்கிக்கொள்வதில்தான் சிக்கல் என்கிறார்கள். சளி எப்போதும் இருக்கும். ஆனால் ஆள் குறும்பு. அக்கா குரல் கேட்டால் உடம்பு முழுக்கச் சிரிப்பான்.

என்னை அசத்துவது பட்டியல்தான். பிசியோ காலை மாலை கை காலை நீட்டி மடக்கச் சொல்கிறார், அது போக நிற்கும் சட்டகத்தில் ஒரு மணி நேரம். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கைக்குப் பயிற்சி தந்திருக்கிறார். பேச்சுப் பயிற்சியாளர் வாய்க்குள் மசாஜ் செய்யச் சொல்கிறார். கண்ணுக்கு, இருட்டறையில் விளக்குப் பெட்டி. நெஞ்சுக்கு நெபுலைசர், பிறகு முதுகு தட்டல். டயட்டீஷியன் ஆறு வேளை என்கிறார். ஒரு வேளை முடியவே முக்கால் மணிக்கு மேல் ஆகிறது, அதிலும் பாதி வெளியே வந்துவிடும். ஒவ்வொருவரும் "இருபது நிமிஷம்தானேம்மா" என்கிறார்கள். அந்த இருபது நிமிஷங்களை எல்லாம் கூட்டினால் தூங்க நேரமில்லை. வேலையை விட்டாகிவிட்டது. மூத்தவளுக்கு ஏழு வயது, அவள் நோட்டை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இதற்கு நடுவில், வயிற்றில் துளையிட்டு டியூப் வைத்துவிடலாம் என்று குடல் மருத்துவர் சொல்லிவிட்டார். எடை ஏறவில்லை. விழுங்குவதை வீடியோ எக்ஸ்ரே எடுத்தபோது, தண்ணியாக இருப்பது மூச்சுக்குழாய்ப் பக்கம் இறங்குவது தெரிந்தது, அவனுக்கு இருமலே வரவில்லை. கணவர் வைக்கலாம் என்கிறார். மாமியார் "வாயால் சாப்பிடுற பிள்ளையை எதுக்கு வெட்டணும், அப்புறம் சாப்பிடவே மறந்துடுவான்" என்று அழுகிறார். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே படுகிறது.

டியூப் வைத்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அப்புறம், இப்படி ஒரு பட்டியலில் நீங்கள் எதை விட்டீர்கள்?

இரண்டாம்ஷிஃப்ட்

டியூபைப் பற்றி நான் சொல்கிறேன். மகளுக்கு வைத்துச் சில வருடம் ஆகிறது. நான் அப்பா, இரவு முழுக்க என் பொறுப்பு.

"இருமலே வரவில்லை" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அந்த இடத்தில்தான் நிற்பேன். இருமினால் உடம்பு தடுக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். சத்தமில்லாமல் உள்ளே போவது நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். எப்போதும் சளி இருப்பதற்கு அதுவும் காரணமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வேளை உணவு தொடர்ந்து அரை மணிக்கு மேல் இழுத்தாலே மருத்துவர்கள் அதை ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்வார்கள்.

உங்கள் மாமியாருக்கு இருக்கும் பயம் என் அம்மாவுக்கும் இருந்தது. டியூப் என்றால் கடைசிக் கட்டம் என்று நினைத்திருந்தார். எண்டோஸ்கோப் வழியாக வயிற்றில் டியூப் வைக்கும் முறையே முதன்முதலில் ஒரு கைக்குழந்தைக்குத்தான் செய்யப்பட்டது, 1979இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில். இதைச் சொன்ன பிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தார்.

மறந்துவிடுவானா என்றால், வாயைச் சும்மா போட்டுவைத்தால் பழக்கம் விட்டுப்போகும், அது உண்மை. அதனால்தான் விழுங்குவதைப் பார்க்கும் தெரபிஸ்ட் எந்தப் பதம், எவ்வளவு பாதுகாப்பு என்று பார்த்து, ருசிக்கு மட்டும் கொடுக்கச் சொல்வார். என் மகள் இன்றும் கரண்டி நுனியில் வாங்கிச் சப்புக்கொட்டுவாள். வயிற்றை நிரப்பியாக வேண்டும் என்ற கெடுபிடி போனதும் அது எங்கள் இருவருக்கும் விளையாட்டாகிவிட்டது. பல் மட்டும் மறக்காமல் தேய்த்துவிடுங்கள். டியூபில் சாப்பிடும் பிள்ளைகளுக்குப் பல்லில் காரை அதிகம் படியும், சாப்பிடவே இல்லையே என்று விட்டுவிடுவோம்.

இனி மறுபக்கம். எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போவதை டியூப் தடுக்காது. எதுக்களிப்பு இருந்தால் அதுவும் அப்படியே இருக்கும், சிலருக்குக் கூடும். வைப்பதற்கு முன்பே அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். துளையைச் சுற்றிச் சிவப்பாகச் சதை பொங்கும், கசியும், தோல் எரியும். வயிற்றில் காற்று சேர்ந்துகொண்டு முறுக்கும். பெரிய சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு, குழலை மட்டும் டியூபில் மாட்டி வயிற்றுக்கு மேலே தூக்கிப் பிடித்தால் காற்று குமிழ் குமிழாக வெளியேறும். மகளின் நெற்றிச் சுருக்கம் அந்த நொடியே விட்டுப்போகும்.

டியூப் என்றாவது ஒருநாள் கழன்று வரும். வைத்து ஆறெட்டு வாரத்துக்குள் கழன்றால் நீங்களாகத் திருப்பிச் செருகவே கூடாது. பாதை ஆறியிருக்காது, இரைப்பைக்குள் போகாமல் வேறெங்கோ போய்விடும். நேராக மருத்துவமனைதான். ஆறிய பிறகு கழன்றாலும் துளை சில மணி நேரத்தில் சுருங்கத் தொடங்கும், ஆகவே மாற்று டியூப் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும், போடவும் பழகி வையுங்கள். பலூன் வகையாக இருந்தால் வாரம் ஒருமுறை உள்ளிருக்கும் தண்ணீரை இழுத்து அளந்து பார்ப்போம்.

எங்களுக்கு டியூப் தந்தது நேரம். உணவூட்டலில் போன மணிக்கணக்கு திரும்பி வந்தது. மருந்தைத் துப்பிவிட்டாளா, விழுங்கினாளா, இன்னொரு முறை தரலாமா என்ற இரவுநேரச் சண்டையும் ஓய்ந்தது.

மருந்துச்சீட்டு

மருந்தாளுநர். டியூப் வழி மருந்து பற்றி மட்டும். ஒவ்வொரு மருந்துக்கும் முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், இரண்டு மருந்தை ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் மொத்த டோஸும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். வலிப்பு மருந்துகளில், ஃபெனிடோயின் டியூப் உணவோடு சேர்ந்து போனால் உடம்பில் சரியாக ஏறாது. கார்பமாசெபின் சிரப் குழாய்ச் சுவரில் ஒட்டும், நீர்க்கச் செய்து தர வேண்டியிருக்கும். உங்கள் மகனுக்கு இவற்றில் எது என்று தெரியவில்லை, டியூப் வைக்கும் முன் மொத்த மருந்துப் பட்டியலையும் ஒரு மருந்தாளுநரிடம் காட்டிவிடுங்கள். சிரப் பாட்டில் மாறும்போதெல்லாம் ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். பெயர் ஒன்றாக இருக்கும், திடம் மாறியிருக்கும்.

கடிகாரமுள்

மன்னிக்கவும், எதை விடுவது என்ற கேள்வியே எனக்கு ஒப்பவில்லை. முதல் சில வருடங்களில்தான் மூளை வளைந்து கொடுக்கும். இப்போது விட்டதைப் பின்னால் பிடிக்க முடியாது. நாங்கள் எதையும் விடவில்லை, விடியும் முன்பே எழுந்து ஆரம்பிப்போம். மகன் இன்று வாக்கர் பிடித்து நடக்கிறான். கஷ்டமாகத்தான் இருக்கும், தூக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாய்விரிப்பு

கடிகாரமுள், உங்கள் மகன் நடப்பதில் எனக்கும் சந்தோஷம். ஆனால் வாக்கரில் நடக்கும் குழந்தை பெரும்பாலும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். 3இல் இருக்கும். தலை நிற்காத குழந்தையின் அம்மாவிடம் அந்தக் கணக்கை நீட்டுவது நியாயமில்லை. இரண்டு வயதுக்குப் பிறகு பெரும்பாலான குழந்தைகள் அதே நிலையில்தான் தொடர்வார்கள். அம்மா எத்தனை மணிக்கு எழுகிறாள் என்பதை வைத்து அது மாறுவதில்லை.

நான் குழந்தைகள் பிசியோ. முகில்தாய், உங்கள் மகனை நான் பார்த்ததில்லை. ஆகவே கீழே எழுதுவதை உங்கள் தெரபிஸ்டுகளிடம் கேள்வியாகக் கொண்டுபோங்கள்.

அயோனா நோவாக் என்ற ஆராய்ச்சியாளரின் குழு, பெருமூளை வாதத்துக்கு உலகில் செய்யப்படும் சிகிச்சைகளை எல்லாம் எடுத்து, செய்யலாம் என்றால் பச்சை, உறுதியில்லை என்றால் மஞ்சள், வேண்டாம் என்றால் சிவப்பு என்று நிறம் பிரித்தது. முதலில் 2013இல், மறுபடி 2020இல். நாம் கையால் சில நிமிடம் நீட்டிப் பிடிக்கிறோமே, அது பச்சையில் வரவில்லை. தசை குறுகாமல் இருக்க வேண்டுமென்றால் நீண்ட நேரம் எந்த நிலையில் இருக்கிறான் என்பதைத்தான் பார்க்க வேண்டும். நாற்காலியில் இடுப்பு எப்படி உட்கார்கிறது, தூங்கும்போது கால்கள் ஒரே பக்கம் சாய்கிறதா, பிரேஸ் பாதத்தைச் சரியாகப் பிடிக்கிறதா, இவைதான். நீட்டலை டயபர் மாற்றும்போதும் சட்டை போடும்போதும் செய்துவிடுங்கள், அதற்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டாம்.

பச்சையில் வருவது குழந்தை தானே முனைந்து, தனக்கு வேண்டிய ஒன்றை எட்ட முயலும் பயிற்சி. அக்கா குரலுக்குச் சிரிக்கிறான் என்றீர்களே. அக்கா குரலைப் பதிந்து, பெரிய பொத்தான் ஒன்றைத் தட்டினால் ஒலிக்கும்படி வையுங்கள். கை அசையும் பக்கத்தில் வைத்துவிட்டு, நீங்கள் அவசரப்படாமல் காத்திருங்கள். கைப்பயிற்சியும் பேச்சின் தொடக்கமும் அதிலேயே வந்துவிடும். பார்வைக்கும் இருட்டறை ஒன்றே வழியில்லை. கறுப்புத் துணி விரித்து, அதன்மேல் பளிச்சென்று ஒரே ஒரு பொருள், சுற்றிச் சத்தம் இல்லாமல். அந்தப் பொத்தானே சிவப்பாக இருக்கட்டுமே. வாய் மசாஜ் எதற்காக, எத்தனை வாரத்தில் என்ன மாற வேண்டும் என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் நானாக இருந்தால் முதலில் அதைத்தான் விடுவேன்.

நெஞ்சுக்கானதை நெஞ்சு மருத்துவரைக் கேட்காமல் குறைக்காதீர்கள். வலிப்பு மருந்தையும், இறுக்கத்துக்கு பேக்லோஃபென் தந்திருந்தால் அதையும், ஒருநாளும் சட்டென்று நிறுத்தக் கூடாது.

இப்போது பட்டியலில் இல்லாத ஒன்று. இடுப்பு எக்ஸ்ரே எப்போது எடுத்தீர்கள்? பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்குத் தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்தை விட்டு விலகும். 2006இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 5ஆம் நிலைக் குழந்தைகளில் இது 90 சதவீதம். தொடக்கத்தில் வலிக்காது, வெளியே தெரியாது. தெற்கு ஸ்வீடனில் 1994 முதல் பெருமூளை வாதக் குழந்தைகளை முறைப்படி எக்ஸ்ரே எடுத்துத் தொடர்ந்து பார்த்து, விலகத் தொடங்கும்போதே பிடித்ததில், முழுதாகக் கழன்றுபோவது அரிதாகிவிட்டது. உங்கள் மகன் நிலையில் ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு ஒருமுறை எடுப்பது வழக்கம்.

முகில்தாய்

இப்போதுதான் ஃபைலைப் புரட்டினேன். நெஞ்சு எக்ஸ்ரே கட்டுக்கட்டாக இருக்கிறது, இடுப்புக்கு ஒன்றுகூட இல்லை. இத்தனை துறைக்கு அலைகிறோம், ஒருவர் வாயிலும் வரவில்லையே. கோபமாக வருகிறது.

இன்னொன்று. சில வாரமாக டயபர் மாற்றக் காலை விரித்தால் அழுகிறான். வயிற்று உப்புசம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதுவும் இதுவும் ஒன்றா?

பாய்விரிப்பு

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ள வேண்டாம். இந்த வாரமே போன் போட்டு, காலை விரித்தால் அழுகிறான் என்று அதே வார்த்தையில் சொல்லி எக்ஸ்ரே கேளுங்கள். அதுவரை காலைப் பலமாக விரித்து நீட்ட வேண்டாம்.

புதுவிடியல்

அழுத்த ஆக்சிஜன் அறையில் என் அக்கா பையனுக்கு ஆறே மாதத்தில் தலை நின்றது. கூடவே ஸ்டெம்செல்லும் கொடுத்தார்கள். மருத்துவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். விவரம் வேண்டுமானால் தனிச்செய்தியில் வாருங்கள்.

இரண்டாம்ஷிஃப்ட்

தனிச்செய்தி வேண்டாம் சகோ, இங்கேயே பேசலாம். கியூபெக்கில் 111 பெருமூளை வாதக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு குழுவுக்கு அழுத்த ஆக்சிஜன், இன்னொரு குழுவுக்கு லேசாக அழுத்தம் கூட்டிய சாதாரணக் காற்று. இரண்டு குழுவும் ஒரே அளவுக்குத்தான் முன்னேறின. ஸ்டெம்செல் இன்னும் ஆய்வு நிலையில் இருக்கிறது. ஆய்வில் சேருகிற பெற்றோரிடம் சிகிச்சைக்கென்று பெரிய தொகை கேட்டால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். தூக்கமில்லாத அம்மா அப்பாவைக் குறிவைத்து இங்கே வாரம் ஒருவர் வருகிறார். நிர்வாகி கவனிக்கவும்.

பழையநூல்

முகில்தாய், நான் உன்னைவிட மூத்தவள், நீ என்றே எழுதுகிறேன். என் மகள் பேச மாட்டாள், இப்போது பதின்வயது. வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. கண்டுபிடிக்கிற வேலை என்னுடையது.

காரணம் தெரியாமல் அழுதால் நான் உடையை எல்லாம் கழற்றிவிட்டு உச்சியிலிருந்து பார்க்கத் தொடங்குவேன். கண்ணில் நகம் பட்டிருக்கிறதா, காது, ஈறு, புதிதாக முளைக்கும் பல். அக்குள், தொடை இடுக்கு. கைவிரல் கால்விரல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்ப்பேன், ஒரே ஒரு தலைமுடி சுற்றிக்கொண்டால் விரல் வீங்கி நீலமாகிவிடும். பிரேஸ் அழுத்திய சிவப்பு அரை மணியில் மறைகிறதா. மலம் போய் எத்தனை நாள். சிறுநீர் கழிக்கும்போது முகம் மாறுகிறதா. நிற்காத பிள்ளைகளுக்கு எலும்பு பலமில்லாமல் இருக்கும், தூக்கி மாற்றும்போதே முறியக்கூடும், அதனால் கை கால் எலும்பையும் மெதுவாகத் தடவிப் பார்ப்பேன்.

ஃப்ளாக் என்று ஒரு வலி அளவுமுறை இருக்கிறது. முகம், கால், அசைவு, அழுகை, சமாதானமாவது என்று ஐந்துக்கும் மதிப்பெண் போடுவார்கள். நம் மாதிரிப் பிள்ளைகளுக்கென்று திருத்திய வடிவத்தில், இந்தக் குழந்தை வலித்தால் என்ன செய்யும் என்று பெற்றோர் சொல்வதை எழுதிச் சேர்க்க இடம் உண்டு. என் மகள் வலி அதிகமானால் அமைதியாகிவிடுவாள், மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அது எழுதப்படாதவரை வார்டில் "சமர்த்தா இருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எதை விட்டேன் என்று கேட்டாய். எந்தத் துறையும் இன்னொரு துறையின் தாளைப் படிப்பதில்லை, எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கிற ஒரே ஆள் நீதான். அதனால் குழந்தை மருத்துவர் ஒருவரைப் பிடித்து, "நீங்கள்தான் தலைமை, எல்லோருடைய சீட்டும் உங்களிடம் வரட்டும்" என்று கேள். எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒத்துக்கொள்பவர் கிடைக்கும்வரை கேள். அவர் முன்னால் உன் ஒரு நாளை மணிவாரியாக எழுதிய தாளை வை. "இதில் எங்கே நுழைப்பது, எதை எடுத்துவிடலாம்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார். நான் அப்படி உட்கார்ந்தபோதுதான் முதன்முறையாக ஒரு மருத்துவர் பேனாவை எடுத்து இரண்டு வரியை அடித்தார்.

அதே தாளின் பின்பக்கம் மருந்து, டோஸ், ஒவ்வாமை, வலிப்பு எப்படி வரும், ஐந்து நிமிடம் தாண்டினால் கொடுக்க வேண்டிய அவசர மருந்து, யாரைக் கூப்பிடுவது என்று எழுதி வை. நடுராத்திரி அவசரப் பிரிவில் முதல் நாளிலிருந்து கதை சொல்ல நேரம் இருக்காது.

கடிகாரமுள்

நிலை பற்றிச் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நிற்கும் சட்டகத்தை மட்டுமாவது விடாதீர்கள் என்பேன்.

பாய்விரிப்பு

அதில் நானும் உங்கள் கட்சிதான், எலும்புக்கு நல்லது. எக்ஸ்ரே வந்த பிறகு, அவன் பொறுத்துக்கொள்ளும் நேரம்.

நடுப்பிள்ளை

அக்கா குரலைப் பயிற்சிக்கு வைப்பது பற்றி ஒன்று. என் தங்கைக்கும் இப்படித்தான், நான் வளர்ந்த அண்ணன். ஆறேழு வயதில் நான் அவளோடு விளையாடினால் எல்லோரும் அவள் கை அசைந்ததா என்று பார்ப்பார்கள். கொஞ்ச நாளில் எனக்கு அவளோடு விளையாடவே பிடிக்கவில்லை. குரலைப் பதியுங்கள், ஆனால் என்ன பேச வேண்டும் என்பதை மூத்தவள் முடிவு செய்யட்டும், கெட்ட ஜோக்காக இருந்தாலும் சரி. டியூப் வைத்து நேரம் மிஞ்சினால் அதில் கொஞ்சம் அவளுக்கு. தம்பி பெயரே எடுக்காத நேரமாக இருக்கட்டும். அப்புறம், தம்பிக்கு ஏன் இப்படி என்று அவள் கேட்காமல் இருந்தால் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். தான் ஏதோ செய்ததால்தான் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

முகில்தாய்

எல்லோருக்கும் நன்றி. நடுப்பிள்ளை தம்பி, உங்கள் பதிவைக் கணவருக்கும் படித்துக் காட்டினேன். மூத்தவள் பதிந்த முதல் வசனம் "டேய் குண்டா, எழுந்திரு". அவன் குண்டே இல்லை.

எக்ஸ்ரேக்கு நேரம் கிடைத்துவிட்டது. டியூப் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம், முதலில் எதுக்களிப்பைச் சோதிக்கிறார்கள். மாமியார் இன்னும் பேசவில்லை, ஆனால் விழுங்கும் தெரபிஸ்டைப் பார்க்க நானும் வருகிறேன் என்றிருக்கிறார். வாய் மசாஜை நிறுத்திவிட்டேன், கேட்டபோது பேச்சுப் பயிற்சியாளரே விடலாம் என்றார். நீட்டல் டயபரோடு போய்விட்டது, அதுவும் இப்போதைக்கு மெதுவாகத்தான். தலைமை மருத்துவர் இன்னும் அகப்படவில்லை, ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

பழையநூல் அக்கா, மயக்க மருந்து பற்றிப் பயமாக இருக்கிறது. எக்ஸ்ரேயில் ஏதாவது வந்து அதற்கும் அறுவை என்றால் இரண்டு தடவை மயக்கமா?

பழையநூல்

அதனால்தான் எக்ஸ்ரே முதலில் வர வேண்டும். படத்தில் விலகல் சதவீதம் என்று ஓர் எண் அளப்பார்கள், தொடை எலும்பின் தலை எவ்வளவு கிண்ணத்துக்கு வெளியே இருக்கிறது என்பதுதான் அது, இரண்டு பக்கத்துக்கும் கேட்டு எழுதி வாங்கு. 30ஐத் தாண்டினால் குழந்தைகள் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். பெரிய இடுப்பு அறுவை என்றால் எடை ஏறிய பிறகு செய்வதையே பெரும்பாலும் விரும்புவார்கள், அப்போது டியூப் முன்னால் வரும். போடாக்ஸ் ஊசி, பல் சுத்தம், காது கேட்கும் சோதனை மாதிரிச் சின்னது எது பாக்கி இருந்தாலும் டியூப் வைக்கும் அதே மயக்கத்தில் முடிக்க முடியுமா என்று கேள். தேதி வாங்குவதற்கு முன்னாலேயே கேட்க வேண்டும், பிறகு யாரும் சேர்க்க மாட்டார்கள். வலிப்பு மருந்தை அன்று காலை எப்படிக் கொடுப்பது என்பதையும் மயக்க மருத்துவரிடமே கேட்டு எழுதிக்கொள். எண் வந்ததும் இங்கே போடு.